பட்டப்பகலில் பட்டுத்துணி போல அருவி: சின்ன டிஜிட்டல் கேமராவும் என்டி பில்டரும்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, கேமராவில் கிடக்கும் போட்டோக்களை அதில் ஏற்றிப் பார்ப்பதுதான். கேமராவின் இரண்டரை அங்குலத் திரையில் பிரமாதமாகத் தெரிந்த படம், மானிட்டரில் திறந்தவுடன் சப்பென்று ஆகிவிடும். குறிப்பாக அருவிப் படங்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையில், எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் சில்வர் காஸ்கேட் அருவியையே எடுத்துக் கொள்ளுங்கள். கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் நீர் சுமார் 180 அடி உயரத்திலிருந்து பாறைகளில் இறங்குகிறது. காலண்டர் படத்தில் இந்த மாதிரி அருவி வெள்ளைப் பட்டுத்துணியைத் தொங்கவிட்டது போல இருக்கும். நாம் எடுத்த படத்திலோ உடைந்த கண்ணாடித் தூள் போல நீர்த்துளிகள் அப்படி அப்படியே நின்றிருக்கும். நடுவில் விவரமே இல்லாத ஒரு வெள்ளைத் திட்டு வேறு.

கேமரா மட்டமானது, அதனால்தான் இப்படி என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். விஷயம் அதுவல்ல. வெளிச்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தைக் குறைக்க உதவும் கண்ணாடிதான் நியூட்ரல் டென்சிட்டி பில்டர். சுருக்கமாக என்டி பில்டர். இதைச் சின்னப் பாக்கெட் கேமராவில் பயன்படுத்த முடியுமா, காசு கொடுத்து வாங்குவது தேவைதானா, வாங்காமல் கம்ப்யூட்டரிலேயே வேலையை முடிக்க முடியுமா என்று பார்ப்போம்.

முதலில் உங்கள் படத்தை விசாரியுங்கள்

அருவிப் படத்தின் பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். வரும் விண்டோவில் டீடெய்ல்ஸ் என்ற டேபைக் கிளிக் செய்து கீழே இறங்கினால் எப்-ஸ்டாப், எக்ஸ்போஷர் டைம், ஐஎஸ்ஓ ஸ்பீட் என்று மூன்று வரிகள் தெரியும. படம் எடுத்த நொடியில் கேமரா தானே எழுதி வைத்த குறிப்பு இது. வெயிலில் எடுத்த படம் என்றால் எக்ஸ்போஷர் டைம் 1/320, 1/500 என்பது போல இருக்கும்.

விழும் நீர் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். 1/320 விநாடியில் அது 3 சென்டிமீட்டர்தான் நகரும். அதனால் படத்தில் துளி துளியாக உறைந்து நிற்கிறது. அதே நீருக்கு 1/5 விநாடி கொடுத்தால் 2 மீட்டர் ஓடிவிடும். ஒவ்வொரு துளியும் 2 மீட்டர் நீளக் கோடு போடும். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது பட்டுத்துணி கிடைத்துவிடும். ஆக, நமக்கு வேண்டியது 1/5 விநாடி அல்லது அதைவிட அதிக நேரம்.

அப்படியானால் நேரத்தைக் கூட்டிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். குழாயடியில் குடம் பிடிப்பது போலத்தான் இதுவும். குழாயை முழுவதும் திறந்தால் குடம் சீக்கிரம் நிறையும். அதற்கு மேல் பிடித்தால் வழியும். படத்தில் தெரிந்த வெள்ளைத் திட்டு, அப்படி வழிந்துபோன வெளிச்சம். அதிக நேரம் பிடிக்க வேண்டுமென்றால் குழாயைச் சன்னமாகத் திறக்க வேண்டும். கேமராவில் அந்தக் குழாய்தான் அபர்ச்சர் என்ற துவாரம். அதன் அளவைச் சொல்வதுதான் எப்-ஸ்டாப் எண். எண் கூடக் கூடத் துவாரம் சிறியது.

பெரிய எஸ்எல்ஆர் கேமராக்களில் எப்/22 வரை சுருக்கலாம். பாக்கெட் கேமராக்களில் பெரும்பாலும் எப்/8 தான் எல்லை. கம்பெனிக்காரர்களின் கஞ்சத்தனம் இல்லை இது. 2008-ல் வந்த கேனன் ஏ590 ஐஎஸ் என்ற மாடலைப் பாருங்கள். ஜூம் செய்யாதபோது அதன் போகல் லென்த் 5.8 மில்லிமீட்டர். எப்/8 என்றால் 5.8-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும். துவாரத்தின் விட்டம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக வருகிறது. எப்/22 என்றால் கால் மில்லிமீட்டர்! அவ்வளவு சிறிய துவாரத்தில் நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து சிதறிவிடும். படம் மொத்தமும் மங்கிப் போகும். பிளஸ் டூ இயற்பியலில் படித்த விளிம்பு விளைவுதான்.

என்டி பில்டர் என்ன செய்கிறது?

கேமராவுக்குப் போடும் கூலிங் கிளாஸ் என்று சொன்னால் பாதி சரி. கூலிங் கிளாஸ் நிறத்தையும் மாற்றும். என்டி பில்டர் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் குறைப்பதால் பச்சை பச்சையாகவே இருக்கும், வெளிச்சம் மட்டும் குறையும். நல்ல பில்டரில் அப்படி. விலை குறைந்த சிலவற்றில் படத்தில் லேசாகப் பழுப்போ ஊதாவோ ஏறும்.

கடையில் கேட்கும்போது எண்கள்தான் குழப்பும். என்டி2 என்றால் வெளிச்சத்தில் பாதி, என்டி4 கால் பங்கு, என்டி8 எட்டில் ஒரு பங்கு உள்ளே வரும். என்டி64, என்டி400, என்டி1000 எல்லாம் இதே கணக்குதான். சில கம்பெனிகள் இதையே 0.3, 0.6, 0.9 என்று போடுவார்கள். அது லாகரிதம் கணக்கு. 2-ன் லாகரிதம் 0.3. அதனால் 0.9 என்று போட்டிருப்பதும் என்டி8-ம் ஒன்றுதான். 3.0 என்று இருந்தால் அது என்டி1000. பெட்டியில் 3.0 என்று பார்த்துவிட்டு, மிதமானது போலிருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அதைப் போட்டால் கேமராத் திரை இருட்டாகிவிடும்.

வாங்கும் முன் இந்தக் கணக்கு

பிலிம் காலத்திலிருந்து போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் ஒரு விதி உண்டு. நல்ல வெயிலில் எப்/16 வைத்தால், ஐஎஸ்ஓ எண்ணைக் கீழே போட்டு 1-ஐ மேலே போடு, அதுதான் நேரம். ஏ590-ல் மிகக் குறைந்த ஐஎஸ்ஓ 80. எனவே எப்/16-ல் 1/80 விநாடி. எப்/8-ல் துவாரம் பரப்பளவில் நான்கு மடங்கு பெரிது. ஆகவே நேரம் 1/320.

இதில் பில்டர் எண்ணைப் பெருக்குங்கள். என்டி8 போட்டால் 8/320, அதாவது 1/40 விநாடி. போதாது! நமக்கு வேண்டியது 1/5. என்டி64 போட்டால்தான் அது கிடைக்கிறது. என்டி400 போட்டால் ஒன்றேகால் விநாடி.

இந்தக் கணக்கைப் போடாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று என்டி8 வாங்கிக்கொண்டு உச்சி வெயிலில் போய் நின்றால், படம் பில்டர் போடாத படம் போலவே இருக்கும். பிறகு பில்டரே ஏமாற்று வேலை என்று டிராயரில் தூக்கிப் போட்டு விடுவார்கள்.

இதே கணக்கை மேகமூட்டமான நாளுக்குப் போட்டுப் பாருங்கள். வானம் முழுவதும் கார்மேகம் கவிந்திருந்தால் வெளிச்சம் வெயிலில் இருப்பதைவிட எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதாவது மேகமே ஒரு என்டி8. பில்டர் இல்லாமலே 1/40 வந்துவிடும். அதன்மேல் ஒரு என்டி8 போட்டால் 1/5. வேலை முடிந்தது. அதிகாலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் பில்டரே தேவைப்படாமல் போகலாம்.

நம் மாவட்டத்தில் இதற்கு இயற்கையே வசதி செய்து கொடுத்திருக்கிறது. திண்டுக்கல் சமவெளியில் நல்ல மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான். ஆத்தூர் காமராஜர் அணை நிரம்பி மறுகால் பாயும் ஆண்டுகளில் அதைப் பார்க்கப் போவோர் கூட்டமும் இந்த மாதங்களில்தான் இருக்கும். நீர் நிறைய இருக்கும் நாளில் வானமும் மூடியிருக்கும். ஏப்ரல், மே சீசனில் கொடைக்கானல் போய், நூலாக வழியும் அருவியை உச்சி வெயிலில் எடுத்துப் பட்டுத்துணி வேண்டுமென்றால் எந்த பில்டராலும் முடியாது.

சின்ன கேமராவில் எப்படி மாட்டுவது?

எஸ்எல்ஆர் லென்சின் முன்னால் மரை இருக்கும், பில்டரைத் திருகினால் போதும். பாக்கெட் கேமராவில் மரை கிடையாது. உங்கள் கேமரா எந்த ரகம் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

சிலவற்றில் உள்ளேயே பில்டர் இருக்கிறது, வைத்திருப்பவருக்கே தெரியாது. கேனன் ஜி வரிசையில் 2002-ல் வந்த ஜி3, 2010-ல் வந்த ஜி12, பானசோனிக்கில் 2012-ல் வந்த எல்எக்ஸ்7, சோனியில் 2014-ல் வந்த ஆர்எக்ஸ்100 மூன்றாம் மாடல் ஆகியவற்றில் என்டி என்று ஒரு வசதி இருக்கும். ஆன் செய்தால் போதும். பொதுவாக என்டி8 அளவுக்கு இருக்கும். இப்போது பழைய பாக்கெட் கேமராக்களைத் தேடி வாங்கும் பழக்கம் திரும்ப வந்திருப்பதால், செகண்ட் ஹேண்டில் பார்க்கிறவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுக் கொள்ளலாம்.

ஏ590 போன்றவற்றில் லென்சைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றிவிட்டு, அடாப்டர் குழாய் ஒன்றைப் பொருத்தலாம். இந்த மாடலுக்கு எல்ஏ-டிசி52ஜி என்று பெயர். அதன் முனையில் 52 மில்லிமீட்டர் பில்டரைத் திருகலாம். குழாய் வியூபைண்டரை மறைக்கும், எனவே திரையைப் பார்த்தே எடுக்க வேண்டும். மூலைகள் கறுத்தால் கொஞ்சம் ஜூம் செய்திடுங்கள்.

இரண்டும் இல்லாத கேமராவா? பில்டரைக் கையால் லென்ஸ் முன்னால் ஒட்டிப் பிடித்துக் கொள்ள வேண்டியதுதான். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நன்றாகவே வேலை செய்யும். பக்கவாட்டில் வெளிச்சம் புகாமல் ஒரு கறுப்புத் துணியால் மூடிக் கொள்ளுங்கள். பசை போட்டு லென்சில் ஒட்ட வேண்டாம். கேமராவை ஆப் செய்யும்போது லென்ஸ் உள்ளே போக வழியில்லாமல் மோட்டார் போய்விடும். இன்னொன்று, சில்வர் காஸ்கேட்டில் குரங்குகள் அதிகம். கையில் பளபளக்கும் வட்டக் கண்ணாடியை அவை என்னவென்று நினைக்கும் என்று சொல்ல முடியாது.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வெல்டிங் கண்ணாடியையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். மிகவும் அடர்த்தியானது, விலையும் சொற்பம். படம் முழுக்கப் பச்சையாக வரும். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. போட்டோ எடுக்கும் என்டி பில்டர் கண்ணுக்குப் பாதுகாப்பு அல்ல. அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. வெளிச்சம் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் உள்ளே வரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பில்டரை எடுத்து வைத்துவிடுங்கள்.

எடுக்கும்போது

ட்ரைபாட் கட்டாயம். 1/5 விநாடி கையை அசையாமல் பிடிக்க யாராலும் முடியாது. ட்ரைபாட் இல்லையென்றால் கைப்பிடிச் சுவரில் வைக்கலாம். ஷட்டரை விரலால் அழுத்தினால் அந்த அழுத்தமே கேமராவை அசைக்கும், அதனால் 2 விநாடி செல்ப் டைமர் வையுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது இமேஜ் ஸ்டெபிலைசரை ஆப் செய்திடுங்கள். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டால், வெளிச்சம் குறைந்துவிட்டதே என்று கேமரா தானே ஐஎஸ்ஓவைக் கூட்டி உங்கள் பில்டரை வீணடித்துவிடும். எனவே இருப்பதிலேயே குறைந்த எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

அடர்த்தியான பில்டர் போட்டபின் கேமராவால் போகஸ் செய்ய முடியாது. முதலில் பில்டர் இல்லாமல் ஷட்டரைப் பாதி அழுத்தி போகஸைப் பூட்டுங்கள் (திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டுவதைச் சொல்லித் தர வேண்டுமா என்ன). அழுத்தியபடியே பில்டரை முன்னால் கொண்டு வந்து முழுவதும் அழுத்துங்கள். இது எம் என்ற மேனுவல் மோடில் மட்டுமே சரிவரும். ஆட்டோவில் போகஸுடன் எக்ஸ்போஷரும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், படம் கறுப்பாக வரும்.

ஏ590-ல் ஒரு விநாடிக்கு மேல் எக்ஸ்போஷர் கொடுத்தால், படம் எடுத்த பிறகும் சிறிது நேரம் கேமரா ‘பிஸி’ என்று நிற்கும். நாய்ஸ் என்ற புள்ளிகளை நீக்க, மூடிய ஷட்டருடன் இன்னொரு படம் எடுத்துக் கழித்துக் கொள்கிறது. கெட்டுவிட்டதோ என்று பயந்து ஆப் செய்துவிட வேண்டாம்.

மேனுவல் மோடே இல்லாத கேமராக்களில் பட்டாசுப் படம் இருக்கும் சீன் மோடை முயன்று பாருங்கள். பல மாடல்களில் அது ஷட்டரை இரண்டு விநாடி அளவுக்குத் திறந்து வைக்கும். என்டி400-உடன் நன்றாகச் சேரும். கேனன் வைத்திருப்பவர்களுக்கு சிஎச்டிகே என்ற இலவச சாப்ட்வேரும் உண்டு. மெமரி கார்டிலிருந்து இயங்கும், கேமராவுக்குள் எதையும் எழுதாது. கார்டை எடுத்துவிட்டால் கேமரா பழையபடி ஆகிவிடும். எக்ஸ்போஷர் நேரத்தை நம் விருப்பப்படி வைக்க இதில் வழி இருக்கிறது. சிறிய ஐக்சஸ் மாடல்கள் சிலவற்றில் சுருங்கும் துவாரத்துக்குப் பதிலாக ஒரு குட்டி என்டி பில்டர்தான் லென்சுக்குள் இருக்கிறது. அதை உள்ளே தள்ளவும் வெளியே எடுக்கவும் கூட சிஎச்டிகே மெனுவில் இடம் உண்டு. உங்கள் மாடலுக்கும் அதன் பேர்ம்வேர் எண்ணுக்கும் உரியதை மட்டுமே போட வேண்டும்.

பில்டர் இல்லாமல், கம்ப்யூட்டரில்

எனக்குப் பிடித்த வழி இதுதான். ஒரு படத்தை நீண்ட நேரம் எடுப்பதற்குப் பதிலாக, கேமராவை அசைக்காமல் 16 படங்களை அடுத்தடுத்து எடுத்து, கம்ப்யூட்டரில் சராசரி கண்டுபிடித்துவிட்டால்? பாறை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதால் அப்படியே இருக்கும். நீர் மட்டும் ஒவ்வொன்றிலும் மாறுவதால் ஒன்றோடொன்று கலந்து வழுவழுப்பாகிவிடும். இன்றைய செல்போன்களில் லாங் எக்ஸ்போஷர் என்று வரும் வசதி பெரும்பாலும் இந்த வேலைதான்.

இதற்கு ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேர் போதும். அதைத் திறந்து, பைல் மெனுவில் ஓபன் ஆஸ் லேயர்ஸ் தேர்ந்தெடுத்து, 16 படங்களையும் கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி கிளிக் செய்து திறந்திடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரும். இமேஜ் மெனுவில் பிரிசிஷன் சென்று 16 பிட் இன்டிஜர் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் நிறங்களில் படிப்படியாகக் கோடு விழும். இப்போது லேயர் பட்டியலில் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றின் ஒபாசிட்டியையும் மாற்ற வேண்டும். அடியில் உள்ளது 100. இரண்டாவது 50, மூன்றாவது 33.3, நான்காவது 25, ஐந்தாவது 20. நூறை லேயரின் வரிசை எண்ணால் வகுத்துக் கொண்டே போனால் 16-வதற்கு 6.3 வரும். ஏன் இப்படி என்றால், இரண்டாவதற்குப் பாதி கொடுக்கும்போது இரண்டும் சமமாகக் கலக்கின்றன. மூன்றாவதற்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மிச்சமுள்ள இரண்டு பங்கைக் கீழே உள்ளவை சமமாகப் பிரித்துக் கொள்கின்றன. எல்லாவற்றுக்கும் 50 கொடுத்தால் மேலே உள்ள இரண்டு மூன்று படங்கள் மட்டுமே தெரியும்.

8 மெகாபிக்சல் படம் ஒரு லேயருக்கு சுமார் 64 எம்பி மெமரி கேட்கும். 16 லேயருக்கு 1 ஜிபி. 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் தாராளமாக நடக்கும்.

இதில் உபரியாக ஒரு லாபமும் உண்டு. 16 படங்களின் சராசரியில் நாய்ஸ் புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சின்ன சென்சார் உள்ள கேமராக்களுக்கு இது பெரிய விஷயம். வெயிலில் 1/320-ல் எடுத்தால் 16 படங்கள் போதாமல் திட்டுத் திட்டாகத் தெரியலாம். 30, 40 எடுக்க வேண்டியிருக்கும். அங்கேதான் டிராயரில் தூங்கும் என்டி8 கை கொடுக்கும். அதைப் போட்டு 1/40-ல் எடுத்தால் 16 படங்களிலேயே நீர் வழுவழுப்பாகிவிடும்.

அப்படியானால் பில்டரே வேண்டாமா? அருவி முன்னால் குடும்பத்தை நிறுத்தி எடுக்க வேண்டுமென்றால் பில்டர்தான். 1/5 விநாடி அசையாமல் நிற்கச் சொல்லலாம். 16 படங்கள் எடுத்து முடிக்கும்வரை நின்றால் குழந்தையின் முகம் நீரோடு சேர்ந்து கலங்கிவிடும். ஆள் இல்லாத காட்சிக்குச் சராசரி முறை. திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மேல் மேகம் நகர்வதை எடுக்க அது அருமையாக இருக்கும். என்டி1000 போட்டாலும் வெயிலில் மூன்று விநாடிதான் கிடைக்கும், மேகம் கோடு போட அது போதாது. பத்து விநாடிக்கு ஒரு படம் வீதம் 30 படங்கள் எடுத்துக் கலந்தால் ஐந்து நிமிட மேகம் ஒரே படத்தில் வந்துவிடும். கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் உள்ளே ட்ரைபாட் வைக்க முன் அனுமதி கேட்பார்கள். பாறை முழுதாகத் தெரிய வேண்டுமானால் ஊருக்குள்ளிருந்து, ஒரு மொட்டை மாடியிலிருந்து எடுப்பதுதான் நல்லது.

முடிந்ததும் பைல் மெனுவில் சேவ் கொடுத்து ஜிம்பின் சொந்த வடிவத்தில் ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். ஒபாசிட்டி எண்ணை மாற்றிப் பார்க்க அது உதவும். பிறகு எக்ஸ்போர்ட் ஆஸ் மூலம் ஜேபெக் பைலாகச் சேமித்திடுங்கள். பெயர் கொடுக்கும்போது அசல் படங்களில் ஒன்றின் பெயரையே கொடுத்துவிடாதீர்கள். அதன் மேலேயே எழுதிவிடும்.